மோதிர விரல் இல்லாத பிடி

விற்பதென்று முடிவுசெய்து மூன்று வாரம்.
கிணற்று மோட்டார் எரிந்துபோய் மூன்று வாரம்.
பக்கத்துப் பண்ணையிலிருந்து
பால் கேனில் தண்ணீர் கொண்டுவருகிறாள் ட்வைலா.
எதுவும் சொல்வதில்லை.
கேனைக் கீழே வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுகிறாள்.

சமையல்கட்டு மேசையில் துண்டு விரித்து
ரிவால்வரை எடுத்து வைக்கிறேன்.
உறையில் உரசிய இடமெல்லாம்
நீலம் போய் எஃகு தெரிகிறது.
குழலில் ஓர் அங்குலம் வெட்டி
நுனியில் பித்தளைப் பொட்டு வைத்தவர்
சாமன் ஊர் ஹார்லன் பீபி.
விசையை இழைத்து இழைத்து
"கோபமில்லாமல் இழுத்தால் போதும்" என்று கொடுத்தார்.
பிடிக்கு மட்டும் இரண்டு மாதம்.
என் இடது கையைக் களிமண்ணில் அழுத்தச் சொல்லி
அந்த அச்சைப் பார்த்து வால்நட் கட்டையில் செதுக்கினார்.
மோதிர விரல் படிய வேண்டிய இடத்தில்
மரம் மேடாக எழும்பி நிற்கும்.
அந்த விரல் சுரங்கத்தில்
கன்வேயர் பெல்ட்டோடு போனது,
மோதிரத்தையும் கூட்டிக்கொண்டு.

வாங்கியது எழுநூறு டாலர்.
மேலே கொட்டியது ஆயிரத்து எண்ணூறு.
ஐடஹோ ஃபால்ஸ் கடைக்காரன் ஐந்நூறு என்றான்.
"கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டிருந்தால் ஆயிரம் தருவேன்.
உன் கைக்கென்று செய்ததற்கு
உன்னிடம்தான் விலை."
செலவழித்ததாலேயே மலிந்துபோகிற பொருள்
வேறெதுவும் என்னிடம் இல்லை,
என் பற்களைத் தவிர.

தீவனக் கடைப் பலகையில் சீட்டு ஒட்டினேன்.
முதலில் வந்தவர் லாமர் டிரிக்ஸ்.
பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார்:
"உன் இல்லாத விரல் என் விரலைத் தள்ளுதப்பா."
நானூறுக்குக் கேட்டார்.
இரண்டு கோப்பை காபி குடித்துவிட்டுப் போனார்.
அடுத்து வந்தவன்
பிடியைக் கழற்றிவிட்டு ரப்பர் போடுவானாம்.
அவனுக்குக் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

நேற்று வந்தான்
எச்செவெரி வீட்டுப் பையன், மிட்செல்.
போன இலையுதிர் காலத்தில் ஆடுகளையெல்லாம் விற்ற குடும்பம்.
பனி கரைந்த சேற்றில்
சாக்ஸ் இல்லாமல் வெறும் ஷூ.
காலி என்று திறந்து காட்டிக் கையில் கொடுத்தேன்.
சிலிண்டரைச் சுழற்றவில்லை.
குறி வைத்துப் பார்க்கவில்லை.
எத்தனை அடிக்கு நேராகப் போகும் என்று கேட்கவில்லை.
"பிடி உறுத்துமே" என்றேன்.
"பொருந்தணும்னு இல்லை."
ஆயிரத்து நூறு, நான் சொன்ன விலை,
எண்ணி மேசையில் வைத்தான்.
அடுப்படியில்
ட்வைலாவின் கரண்டி நின்றது.

டிரக், சேணம், ஒரு கண் தெரியாத குதிரை என்று
நாற்பது வருஷம் வாங்கி விற்றிருக்கிறேன்.
பேரம் பேசாமல் ஒருவரும் என்னிடம் எதுவும் வாங்கியதில்லை.
பேரம் என்பது
நாளைக்கும் பணம் வேண்டியிருப்பவர்களின் பேச்சு.

"மறந்தே போச்சு,
லாமருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன்."
என் காதுக்கே மட்டமான பொய்.
அவன் பணத்தை எடுக்கவில்லை, நகரவுமில்லை.
"கிணற்றுக் குழாயை மேலே இழுக்கணும்" என்றேன்.
"எனக்கு ஒன்பது விரல்தான்."

இருநூறு அடிக் குழாய்.
இருட்டும்வரை இழுத்தோம்.
பாதியில் அவன் அழ ஆரம்பித்தான்;
குழாயை மட்டும் விடவில்லை.

நான் கேட்கத் தெரியாமல் நின்றதை
சூப் ஊற்றும்போது ட்வைலா கேட்டாள், நேராக:
"சாகறதுக்கா வாங்க வந்தே?"
கிண்ணத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.
பொகட்டெல்லோவிலிருக்கும் அவன் அக்காவுக்குப்
போன் போட்டாள்.
அவள் கார் வெளிச்சம் வாசலில் விழும்வரை
மூன்று பேரும் சீட்டாடினோம்.
அவன் இரண்டு தடவை ஜெயித்தான்.

ரிவால்வர் இப்போது
லாமர் வீட்டு இரும்புப் பெட்டியில்.
நேற்றைய பொய்யில் பாதி உண்மையாகிவிட்டது.
நானூற்று ஐம்பதுவரை ஏறிவந்திருக்கிறார்.
யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.
மோட்டாருக்குப் பணம் இன்னும் இல்லை.
பணம் கிடைத்ததும் குழாயை இறக்க
மிட்செல் வருவான், அவன் அக்காவும் வருவாள்.
சாக்ஸ் போட்டுக்கொண்டு வா என்று
சொல்லி அனுப்பியிருக்கிறாள் ட்வைலா.